மேனேஜருக்கு ஆபரேஷன்

டெய்லரம்மாவின் கடை என்பது அவள் வீட்டின் முன்னறைதான். தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின், அதற்கு இடப்பக்கம் துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், வலப்பக்கம் ஒரு நீள மேஜை. புதுத் துணி தைப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ரெடிமேட் வாங்கி வந்து நீளம் குறைக்கச் சொல்கிறவர்கள், உடம்பு பெருத்துப் போய் இடுப்பைப் பிரிக்கச் சொல்கிறவர்கள், பெருத்ததை ஒத்துக்கொள்ளாமல் "துவைச்சதுல சுருங்கிப்போச்சு" என்கிறவர்கள், இவர்களை வைத்துத்தான் பிழைப்பு. "ஆமா, இந்தத் துணி சுருங்கத்தான் செய்யும்" என்று முகம் மாறாமல் சொல்லி, இரண்டு விரல்கடை பிரித்துவிட்டுக் கொடுப்பாள். அந்த நாசூக்குக்காகவே நாலு தெரு தாண்டியும் ஆட்கள் வந்தார்கள்.

அவள் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. பிசிறு தொங்குவதைக் கண்டால் வெட்டிவிடும். அவள் வெட்டுவதில்லை, கை வெட்டும். பதினெட்டு வயதில் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டும் பகுதியில் சேர்ந்தவள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. தைத்து முடித்த சட்டையில் எங்கெல்லாம் நூல் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் சின்ன நூல் கத்தரியால் ஒட்ட வெட்ட வேண்டும். ஏழு வருஷம் அதே வேலை செய்ததில், கண்ணிலிருந்து நேரே கைக்கு ஒரு குறுக்குவழி விழுந்துவிட்டது. மூளை வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னால் நிற்பவரின் காலரில் நூல் தொங்கினால் அவ்வளவுதான். இரண்டொரு முறை திருடி என்று நினைத்துக் கத்தியிருக்கிறார்கள்.

கல்யாணமே அப்படித்தான் நடந்தது. கம்பெனி லிஃப்டைச் சரிபார்க்க வந்த மெக்கானிக்கின் சட்டைப்பையில் ஒரு நூல் தொங்கியது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் அதை வெட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் வாரத்துக்கு இரண்டு முறை பழுதாக ஆரம்பித்தது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் எங்கேயாவது ஒரு நூலைப் பிரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். "கடைசியில ஒரு சட்டைக்குக் கையே கழண்டு போச்சு, அதுக்கப்புறம்தான் பேசினா" என்று அவர் இருபத்தாறு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், வேலைக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

பிள்ளைகள் இல்லை. மிச்சமிருந்தது ஒரு பூனை. அதுவும் அவருடையது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் உள்ளங்கை அளவில் கத்திக்கொண்டு கிடந்ததைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் டை கட்டினாற்போல வெள்ளை. நாள் முழுக்க மேஜை மேல் உட்கார்ந்து அவள் தைப்பதை மேற்பார்வை பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். மரியாதையும் கொடுப்பார். "மேனேஜர் சாப்பிட்டாரா? இன்னைக்கு உன்னைத் திட்டினாரா?" அவளுக்கு அது 'அது'தான். வெட்டி வைத்த துணியில் முடி உதிர்க்கும், நூல் சுற்றிய பாபினை உருட்டும். அவளும் பூனையும் ஒரே ஆளைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பேர் மாதிரி, ஒருவர் பாதையில் ஒருவர் வராமல் காலம் தள்ளினார்கள்.

அவர் போன பிறகு அது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் போய் உட்கார ஆரம்பித்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "வரமாட்டாருன்னு உனக்கு எழுதிக் குடுக்கணுமா?" என்று கத்துவாள். கத்திவிட்டு, அவளும் ஒருமுறை தெருமுனையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

அந்தத் திங்கட்கிழமை அவசர வேலை. காவலாளி ஒருவரின் யூனிஃபார்ம் பேண்ட், கருநீலம், பன்னிரண்டு மணிக்கு அவர் டியூட்டிக்குப் போக வேண்டும். கீழே விழுந்த பட்டனை எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தாள். மேனேஜர் அங்கே உட்கார்ந்திருந்தது. அதன் வாயோரத்தில் கருநீல நூல் ஒன்று நாலு விரல் நீளத்துக்குத் தொங்கியது. கை நீண்டது. க்ளிக். ஒட்ட வெட்டியாகிவிட்டது. பட்டனை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மனதில் எதுவுமே பதியவில்லை.

செவ்வாய்க்கிழமை பூனை சாப்பிடவில்லை. இரண்டு முறை வாந்தி. புதன்கிழமை தண்ணீரும் குடிக்கவில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலுக்கும் போகவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. ஒரு பழைய கூடையில் துண்டு போட்டு அதைப் படுக்கவைத்து, மார்க்கெட் பக்கமுள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் அவளைவிடப் பத்து வயது சிறிய பெண்மணி. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனதும் மேனேஜர் அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அரைகுறையாகத்தான் பார்க்க முடிந்தது.

"ஏதாவது முழுங்கியிருக்குமா? நூல், ரப்பர் பேண்ட், அந்த மாதிரி?"

"என் கடையில தரையில நூலே இருக்காது டாக்டர். ஒரு நாளைக்கு மூணு தடவை பெருக்குவேன். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அவள் பொய் சொல்லவில்லை. சுத்தமான கடை என்ற பெருமைதான் முந்திக்கொண்டு பேசியது. டாக்டர் ஊசி போட்டு, தோலுக்கடியில் மருந்து நீர் ஏற்றி, "நாளைக்கும் இப்படியே இருந்தா எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு திரைச்சீலையின் ஓரத்தைத் தைத்து முடித்து, நுனியில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டினாள். க்ளிக் என்ற சத்தத்தோடு கை அப்படியே நின்றது. மேஜைக்கு அடியில், கருநீலம், நாலு விரல் நீளம். எல்லாம் வரிசையாக வந்தது. தொங்கியது நாலு விரல் என்றால் உள்ளே எவ்வளவு?

மெஷினை அணைக்கக்கூட இல்லை, பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"டாக்டர், நூல்தான். வாயில தொங்குச்சு. நான் வெட்டிட்டேன்" என்று மருத்துவமனை வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு போனாள். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் பூனைக்கு லேசாக மயக்கம் கொடுத்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். நாக்கின் அடியில், வேரைச் சுற்றி, நூல் ஒரு வளையமாக மாட்டிக்கொண்டிருந்தது. இரு முனைகளும் தொண்டைக்குள் இறங்கியிருந்தன. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

"நல்லவேளை நீங்க வெட்டினீங்க. பிடிச்சு இழுத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். "இப்போ என்னன்னா, நூலோட ஒரு பக்கம் நாக்குல மாட்டிடுச்சு. மறுபக்கம் குடலுக்குள்ள போயிடுச்சு. குடல் அதைக் கீழே தள்ளப் பார்க்குது. நூல் நகர மாட்டேங்குது. அதனால குடல் என்ன ஆகும்னா..."

"சுருக்கு விழும்" என்றாள் டெய்லரம்மா. "பாவாடைக்குச் சுருக்கு வைக்கிற மாதிரி. ஒரு நூலை ஓட்டி, ஒரு நுனியைக் கட்டிட்டு இழுத்தா, துணி பூராவும் கொசகொசன்னு கூடிக்கும்."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அதேதான். இத்தனை வருஷமா இதை விளக்கறேன், இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்லை."

"ரொம்ப இழுத்தா நூல் துணியை அறுத்துடும் டாக்டர்."

"அதுக்கு முன்னாடி திறந்து எடுக்கணும். இன்னைக்கே. பிழைக்கிறதுக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

செலவைச் சொன்னார்கள். ஐந்து மாத வாடகை. பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். ஓவர்லாக் மெஷினுக்கு மோட்டார் மாற்ற அவள் சேர்த்து வைத்திருந்தது ஒன்றரை மாத வாடகை தேறும். மீதிக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் வந்தது. அந்த முகத்தோடு அவளுக்குப் பெரிதாக ஒட்டுதல் கிடையாது.

நாத்தனார். அவருடைய ஒரே தங்கை. பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற தொண்டை. அந்தத் தொண்டையில் போனில் பேசினால், காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும்.

"பூனைக்கு ஆபரேஷனா? அண்ணி, நான் பல்லு செட் வைக்கக் காசு சேர்த்துக்கிட்டு ஒரு வருஷமா ஒத்தைப் பக்கமா மென்னுக்கிட்டு இருக்கேன். பூனைக்கு ஆபரேஷன், அதுவும் அஞ்சு மாச வாடகை! அது என்ன, ஆபீஸ் போய்ச் சம்பாதிச்சுக் கொட்டுதா? பேருதான் மேனேஜர்."

"சரி விடு. யோசிக்காமக் கேட்டுட்டேன்."

"நான் இல்லைன்னா சொன்னேன்? எந்த ஆஸ்பத்திரி? சொல்லித் தொலைங்க, பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு வர்றேன்."

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். பஸ்காரர்கள் போடுகிற ஆரஞ்சு மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கைப்பைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தாள். அதன் மேல் 'பல்' என்று பேனாவில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது. கட்டணம் வாங்குகிறவரின் மேஜையில் அதை வைத்து, "எண்ணிக்கங்க. எங்க அண்ணன் பூனை. எனக்கும் அதுல பங்கு இருக்கு" என்றாள்.

பூனையை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். நீள பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒருவர் கிளிக்கூண்டோடு இருந்தார். நாலு நாளாகக் கிளி பேசவில்லையாம்.

"எங்கிட்ட ரெண்டு நாள் விட்டுப் பாருங்க" என்றாள் நாத்தனார்.

"இவகிட்ட விட்டா அது எங்கே பேசறது, இடம் கிடைச்சாத்தானே" என்று டெய்லரம்மா முணுமுணுத்தாள். கிளிக்காரர் சிரித்தார். நாத்தனாரும் சிரித்துவிட்டாள். அதுவரை பொறுத்திருந்தாள் டெய்லரம்மா. அதற்கு மேல் முடியவில்லை. அந்தக் கவரில் இருந்த அடிக்கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. உண்மையை மறைத்து வைத்துக்கொண்டு ஒருத்தியின் பல்லை வாங்கிக்கொள்வது எப்படி?

"நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கப்புறம் நீ காசைத் திருப்பி வாங்கிக்கிட்டாலும் சரி" என்று ஆரம்பித்தாள். "இது என்னாலதான். திங்கட்கிழமையே நூல் வாயில தொங்கினதைப் பார்த்தேன். பார்த்தேன்னா, கை பார்த்துச்சு. பிசிறுன்னு வெட்டிட்டேன். அப்பவே தூக்கிட்டு வந்திருந்தா கத்தியே வேண்டாம். டாக்டர் கேட்டப்போகூட, என் கடையில நூலே கிடக்காதுன்னு பெருமை பேசிட்டு வந்தேன். மூணு நாள். அவர் எங்கிட்ட விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்."

எதிர்ச் சுவரில் நாய்களின் தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருந்தது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி" என்றாள் கடைசியில். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அண்ணன் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்திருந்தான். உங்களுக்குத் தெரியாது."

"லிஃப்ட் வேலை இழுத்துடுச்சுன்னு சொன்னாரு."

"எங்க வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு நான்தான் கூப்பிட்டேன். எப்பப் பார்த்தாலும் தங்கச்சி வீட்டு வேலைதானான்னு நீங்க முறைப்பீங்கன்னு சொல்லாம விட்டிருப்பான். வந்தவன், நெஞ்சுல என்னமோ பிசையுதுன்னு சொன்னான். நான் திரும்பிக்கூடப் பார்க்கலை. 'வாயுவா இருக்கும், சுடுதண்ணி குடி'ன்னுட்டு டிவியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எட்டு மாசமா இது என் தொண்டையில நிக்குது. யார்கிட்டயும் சொல்லலை. நீங்க நூலை வெட்டினீங்க. நான் என்னத்தை வெட்டினேன்னு யோசிச்சுப் பாருங்க."

கிளிக்காரர் மெதுவாக எழுந்து கூண்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

டெய்லரம்மாவுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறொன்று.

"சுடுதண்ணி குடிச்சாரா?"

"குடிச்சான். ரெண்டு டம்ளர்."

"என்ன சொன்னாரு?"

"'இப்பத் தேவலை'ன்னான். குழாய்க்கு வாஷர் மாத்தினான். டிவியில எவனோ வழுக்கி விழுந்ததைப் பார்த்துச் சிரிச்சான், அவன் சிரிக்கிறதுதான் உங்களுக்குத் தெரியுமே, இருமல் வர்ற வரைக்கும். போறப்போ எங்க வீட்டு ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, 'இந்தப் பச்சை அவளுக்கு நல்லா இருக்கும்'னான்."

"பச்சையா?"

"அடர் பச்சை. இலை மாதிரி."

இறந்துபோன ஒருவரைப் பற்றிப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. இருப்பதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து, மடிப்பு தேயத் தேய உள்ளே வைக்க வேண்டியதுதான். எட்டு மாதமாக அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். இப்போது, மருந்து வாசனை அடிக்கும் ஒரு பெஞ்சில், ஒரு முழுச் சாயங்காலம் அவள் மடியில் வந்து விழுந்தது. இரண்டு டம்ளர் சுடுதண்ணீர், ஒரு வாஷர், இருமும் வரை ஒரு சிரிப்பு, ஒரு பச்சை. துணி நிறத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத மனிதர்.

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அது பழக்கமில்லை. ஆரஞ்சு மேலங்கியின் கையோரத்தில் ஒரு பிசிறு தொங்கியது. டெய்லரம்மாவின் விரல்கள் அதைத் தொட்டன. வெட்டவில்லை, கத்தரியும் கையில் இல்லை.

டாக்டர் வெளியே வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. குடலை மூன்று இடத்தில் திறக்க வேண்டியிருந்தது என்றும், ஓட்டை விழுவதற்கு மிகவும் நெருக்கத்தில் இருந்தது என்றும், இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார். "நீங்க திரும்பி ஓடி வந்து உண்மையைச் சொன்னதாலதான் பிழைச்சது. நிறைய பேர் சொல்ல மாட்டாங்க."

உள்ளே மேனேஜர் நாக்கைத் துருத்திக்கொண்டு படுத்திருந்தது. வயிற்று முடியைச் சிரைத்திருந்தார்கள். டெய்லரம்மா குனிந்து தையலைப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் அளந்தாள்.

"இது யார் போட்டது?"

"நான்தான். ஏன்?" என்றார் டாக்டர் கொஞ்சம் பதறி.

"எல்லாம் ஒரே இடைவெளி. எங்கேயும் இழுவை இல்லை. பழகின கை டாக்டர்."

அன்று எத்தனை பேர் நன்றி சொன்னார்களோ தெரியாது. டாக்டரின் முகம் மலர்ந்தது இதற்குத்தான்.

மேனேஜர் நாலு நாள் மருத்துவமனையில் இருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினால் பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டியது. கூம்பில்லாவிட்டால் தையலை நக்கியது. டெய்லரம்மா அலமாரியைத் திறந்தாள். எட்டு மாதமாகத் திறக்காத பக்கம் அது. அவருடைய பனியன் ஒன்றை எடுத்து, நாலு காலுக்கும் ஓட்டை விட்டு, முதுகில் முடிச்சுப் போடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்தாள். அதைப் பார்த்த மருத்துவமனை நர்ஸ், "இதே மாதிரி இருபது வேணும், மூணு சைஸுல" என்றாள். மீதிப் பணத்தில் கொஞ்சம் அப்படிக் கழிந்தது. மற்றதை மாதாமாதம் கட்டினாள். நாத்தனாரின் கவரை நிரப்பித் தர ஏழு மாதம் பிடித்தது. அதுவரை நாத்தனார் ஒத்தைப் பக்கமாகவே மென்றாள், ஒவ்வொரு வாயிலும் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே.

ஆனால் தினமும் வந்தாள். பஸ் வேலை முடிந்ததும் நேரே இங்கேதான். பூனைக்கு மருந்து கொடுக்க இரண்டு ஆள் வேண்டும் என்பது சாக்கு. சாக்கு என்றாலும் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். மேனேஜர் பனியன் சட்டையோடு மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்தது.

"நீங்க துண்டுல சுத்துங்க, நான் வாயைத் திறக்கறேன்."

"காலை விட்டுட்டே பாரு, காலை!"

"எந்தக் காலை? இதுக்கு எட்டு கால் இருக்கு போலிருக்கு அண்ணி!"

"ஏய், இந்தத் தடவை நீ இல்லாட்டி நான்..." என்று டெய்லரம்மா ஆரம்பித்தாள். அந்த வார்த்தையை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"போதும் போதும், பிடிங்க முதல்ல. மருந்து பூரா என் மூக்குல."

மருந்தில் பாதி துண்டில், கால்வாசி நாத்தனாரின் முகத்தில், மிச்சம் உள்ளே போயிற்று. மேனேஜர் ஒரு உதறு உதறி, முன்னங்காலை வீசி, நாத்தனாரின் மணிக்கட்டில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, மேஜை மேல் ஏறி உட்கார்ந்தது. கோட்டில் ரத்தம் புள்ளி புள்ளியாக எழும்பியது.

இருவரும் தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் தலையைத் தூக்க முடியாமல் கிடந்த பிராணி.

"பலம் வந்துடுச்சு அண்ணி" என்றாள் நாத்தனார். கண்ணில் தண்ணீர் முட்டியது, எரிச்சலாலா வேறெதாலா என்று தெரியவில்லை. "பாருங்களேன், எவ்வளவு ஆழமா கீறியிருக்கான்!"

"கீறியிருக்காரு" என்றாள் டெய்லரம்மா.